கெட்டுப்போன சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டி

அனுப்புநர்
மூத்த சோதனையாளர், பாதுகாப்பு இணைப்புச் சோதனைக் குழு,
(தற்போது தளவாடப் பிரிவில் நாற்காலிகளுக்கு எண் ஒட்டும் பணியில்)
அடித்தளம், நிரலாக்கத் தள நிறுவனம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மேல்தளம், நிரலாக்கத் தள நிறுவனம்.

பொருள்: சோதனைக்காக வைத்திருந்த கெட்ட சான்றிதழ்கள் அனைத்தையும் நல்லவையாக மாற்றிவிட்டது – அதன் விளைவாகப் புதிய பதிப்பு வருவோர் போவோரையெல்லாம் உள்ளே விடுவது – வெளியீட்டை நிறுத்தவும், என்னை என் இருக்கையில் மீண்டும் அமர்த்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. பிரிவுத் தலைவரின் இடமாற்ற ஆணை.
2. “சமரசம் ஏற்பட்டது” என எழுதி அவர் கோப்பை மூடிய குறிப்பு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு உள்ள வேலைப்பளுவை நான் அறியாதவள் அல்ல. ஆயினும் இம்மனுவைக் கடைசி வரி வரை வாசிக்குமாறு முதல் வரியிலேயே வேண்டிக்கொள்கிறேன்.

1. இம்மனுவில் வரும் பாதுகாப்புத் தணிக்கை அலுவலர் என் நாத்தனார். என் கணவரின் தங்கை. ஒரே வீட்டில் வசிக்கிறோம். ஒரே பேருந்தில் வருகிறோம். கோபம் இருக்கும் நாட்களில் வேறு வேறு இருக்கைகளில் உட்கார்ந்து வருகிறோம். இதை வேறு யாராவது தங்கள் காதில் ஓதுவதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. இது வீட்டுச் சண்டை என்று பிரிவுத் தலைவர் முடிவு கட்டிவிட்ட காரணத்தால்தான் என் பேச்சு இதுவரை எங்கும் எடுபடவில்லை.

2. என் பணி பற்றிச் சுருக்கமாக. நம் தளத்தைக் கொண்டு எழுதப்படும் நிரல்கள், செய்திகளைப் பூட்டி அனுப்புகின்றன. அனுப்புவதற்கு முன் எதிர்முனையில் உள்ள கணினியிடம் “நீ யார்?” என்று கேட்டு, அது காட்டும் சான்றிதழைச் சரிபார்க்கின்றன. தளத்தில் யார் ஒரு வரியை மாற்றினாலும் எங்கள் சோதனைகள் தாமாகவே ஓடும். பூட்டியதைத் திறந்தால் அதே செய்தி வருகிறதா, நடுவில் ஓர் எழுத்தை யாரேனும் மாற்றினால் கண்டுபிடிக்கிறதா என்றெல்லாம் பார்க்கும். எல்லாம் சரியென்றால் சுவரில் உள்ள திரை பச்சையாகும். ஒன்று பிசகினாலும் சிவப்பாகும். இவற்றில் பாதி, நல்ல சான்றிதழை ஏற்கிறதா என்று பார்ப்பவை. மறுபாதி, கெட்ட சான்றிதழை விரட்டுகிறதா என்று பார்ப்பவை. நான் பார்த்துவந்தது மறுபாதியை. அதாவது, பொய்யான ஆட்களை வாசலுக்கு அனுப்பி, கழுத்தைப் பிடித்துத் தள்ளப்படுகிறார்களா என்று பார்ப்பதற்காகவே இந்நிறுவனம் எனக்கு ஊதியம் தந்துவந்தது. இந்த வேலையை நான் மிகவும் விரும்பிச் செய்தேன்.

3. பொய்யான ஆட்கள் தாமாக வந்து சேர மாட்டார்கள். அவர்களை நான்தான் உருவாக்கி, “கெட்டவை” என்று பெயரிட்ட ஒரு கோப்புறையில் வளர்த்துவந்தேன். குழுவில் அவர்களுக்குச் செல்லப் பெயர்களும் உண்டு. தேதி முடிந்த பிறகும் கூச்சமில்லாமல் வந்து நிற்பவர் காலாவதிச் சித்தப்பா. இன்னொருவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழையப் பார்ப்பவர் ஆள்மாறாட்ட மச்சான். தன் நேர்மைக்குத் தானே கையொப்பமிட்டுக்கொண்டு வருபவர் தம்பட்ட மாமா. ஒரு சான்றிதழை முறையாகக் கெடுப்பது லேசான காரியம் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. சித்தப்பாவுக்குத் தேதி மட்டும்தான் கெட்டிருக்க வேண்டும். பெயர், கையொப்பம் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் கெட்டிருந்தால் எந்தக் குற்றத்துக்காக அவரை விரட்டினார்கள் என்று நமக்குத் தெரியாமலே போய்விடும். ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்துக் கெடுத்தேன்.

4. என் நாத்தனார் சுத்தக்காரி. வீட்டில் பழைய துணி, பழைய செய்தித்தாள், மூடியில்லாத டப்பா எதுவும் அவர் கண்ணில் பட்டுத் தப்பியதில்லை. அண்மையில், உறை ஊற்றுவதற்காக நான் எடுத்து வைத்திருந்த புளித்த தயிரை “கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன் அண்ணி” என்று சொல்லிக் கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டார். இதன் தொடர்பாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றது. என் கணவர் இருவருக்கும் நடுவில் தூது போய்க்கொண்டிருந்தார். அவரும் தூதில் பாதியை விழுங்கிவிடுவார். அந்த நாட்களில்தான் நிறுவனம் முழுவதும் காலாவதியான சான்றிதழ்களைத் தேடிப் புதுப்பிக்கும் பொறுப்பு என் நாத்தனாரிடம் வந்தது. தேடும்போது “கெட்டவை” என்று ஒரு கோப்புறை அவருக்குக் கிடைத்தது. சரிசெய்ய வேண்டியவற்றை யாரோ பொறுப்பாக ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் மகிழ்ந்துபோனார். அடுத்த அறையில் இருந்த என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பேச்சுவார்த்தை இல்லை.

5. சித்தப்பாவுக்குப் புதுத் தேதி கிடைத்தது. மச்சானுக்கு அவருடைய சொந்தப் பெயர் கிடைத்தது. மாமாவின் சான்றிதழில் நிறுவன முத்திரை விழுந்தது. மூவரும் ஒரே மதியத்தில் கண்ணியமான குடிமக்கள் ஆகிவிட்டார்கள். அவர்களை விரட்ட வேண்டிய சோதனைகளுக்கு விரட்ட ஆளில்லை. வந்தவர்கள் எல்லாரும் யோக்கியர்கள். யாரும் விரட்டப்படாததால் சுவர்த் திரை சிவப்பில் குளித்தது. பிரிவுத் தலைவர் ஓடி வந்தார். வெளியீட்டுத் தேதி நெருங்கும் நேரத்தில் சிவப்பு நிறத்தைக் கண்டால் அவருக்கு நெஞ்சு படபடக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. நான் காரணத்தை விளக்கினேன். பழைய கெட்டவற்றைத் திருப்பி வைத்தால் போதும் என்றேன். “கெட்டதத் திருப்பி வைக்கிறதா? தணிக்கைல என்னம்மா பதில் சொல்றது? சோதனையத் திருத்துங்க” என்றார். நான் மறுத்தேன். அவர் வேறொருவரை அழைத்து, “மறுக்க வேண்டும்” என்று இருந்த இடங்களிலெல்லாம் “ஏற்க வேண்டும்” என்று மாற்றச் செய்தார். திரை பச்சையானது. கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது, நான் உண்ணவில்லை.

6. இதற்கிடையில், இணைப்பு மெதுவாக இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்த நிரலாளர் ஒருவர், சான்றிதழைச் சரிபார்க்கும் பகுதியைச் சற்று நேரம் அணைத்து வைத்திருக்கிறார். மீண்டும் போட மறந்துவிட்டார். இதற்காக அவர்மீது எனக்கு வருத்தமில்லை. மறதி எல்லாருக்கும் உண்டு, அதனால்தான் எங்களைப் போன்றவர்களை வேலைக்கு வைக்கிறார்கள். முன்பெல்லாம் இப்படி நடந்தால், அவர் கையை எடுப்பதற்குள் சித்தப்பா உள்ளே நுழைந்திருப்பார், திரை சிவந்து நிரலாளரின் காதைத் திருகியிருக்கும். இம்முறை திரை பச்சையாகவே சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பச்சைமேல் நம்பிக்கை வரவில்லை. புதிதாக ஒரு கெட்ட சான்றிதழைத் தயாரித்து அனுப்பிப் பார்த்தேன். உள்ளே விட்டது. அதைவிடக் கெட்டதாக ஒன்றை அனுப்பினேன். அதையும் விட்டது. கடைசியாக, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்புள்ளி மட்டும் போட்டு அனுப்பினேன். அந்தக் காற்புள்ளியையும் நம் புதிய பதிப்பு கைகூப்பி வரவேற்றது.

7. இதை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் சென்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருந்த என் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தார். “வீட்டுச் சண்டைய வீட்டோட வெச்சுக்கோங்கம்மா. அந்தப் பொண்ணு நல்லது பண்ணியிருக்கு, உங்களுக்குப் பொறுக்கல” என்றார். என் திரையை அவர் பார்க்கவே இல்லை. மறுநாள் காலை, “குடும்பப் பிரச்சினையை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தமை” என்ற காரணத்துடன் என்னைத் தளவாடப் பிரிவுக்கு அனுப்பும் ஆணை வந்தது. அன்று கழிப்பறைக்குள் சென்று, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். இது மனுவில் எழுதத் தக்க செய்தி அல்ல. ஆனால் நடந்தது அதுதான்.

8. தளவாடப் பிரிவில் சன்னல் இல்லை. கால் உடைந்த நாற்காலிகளும் கால் உடையாத நாற்காலிகளும் இருக்கின்றன. என் இடமாற்றத்தைக் கேள்விப்பட்டு என் நாத்தனார் அங்கே இறங்கி வந்தார். எதிரே நின்றிருந்த நாற்காலியில் உட்காரப்போனவரை, “அது உடைஞ்சது” என்று தடுத்தேன். தயிருக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு கோப்புறையின் கதையைச் சொன்னேன். என்னோடு உட்கார்ந்து அந்தக் காற்புள்ளியைத் தாமே அனுப்பிப் பார்த்தார். “ஐயோ அண்ணி, நானே கதவத் தெறந்து வெச்சுட்டேனா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் வேலையில் கெட்டிக்காரர். தவறு தெரிந்தால் மூடி மறைக்கிற ஆளும் அல்லர். உடனே பிரிவுத் தலைவரிடம் சென்று, அண்ணி சொல்வது அத்தனையும் உண்மை, தவறு என்னுடையது என்று எழுத்து மூலம் கொடுத்தார்.

9. இதன் பிறகுதான் என் மனக்குறை முற்றியது. எங்கள் இருவரையும் ஒன்றாகக் கண்ட பிரிவுத் தலைவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “அண்ணியும் நாத்தனாரும் ராசியாயிட்டீங்களா? அப்பாடா! பிரச்சினை தீர்ந்துது” என்று சொல்லி, “சமரசம் ஏற்பட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை” என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார். ஐயா, நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது ஓட்டை இருப்பதை அவர் நம்பவில்லை, ஏனென்றால் அது சண்டை. கைகோத்துக்கொண்டு வந்தபோதும் நம்பவில்லை, ஏனென்றால் சண்டை முடிந்துவிட்டது. ஓட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை அடைக்க நாங்கள் உறவில் இன்னும் என்ன ஆக வேண்டும் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

10. புதிய பதிப்பை வெளியில் முதலில் எடுத்துக்கொள்ளவிருப்பவை மருத்துவமனைகள். மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டு மருந்தகத்துக்குப் போய்ச் சேருவது நம் தளத்தின் வழியாகத்தான். மருத்துவர் என்று யார் வந்து சொன்னாலும் மருந்தகம் நம்பிவிடும் நிலையில் அது இப்போது இருக்கிறது. இதைப் பெரிதுபடுத்தி எழுத எனக்கு மனம் வரவில்லை. நாற்காலிக்கு எண் ஒட்டும்போதெல்லாம் நினைவு அங்கேயே போய் நிற்கிறது.

11. ஆகவே, புதிய பதிப்பின் வெளியீட்டை உடனே நிறுத்திவைக்குமாறும், என் கெட்ட சான்றிதழ்களை அவற்றின் பழைய கெட்ட நிலையிலேயே திருப்பித் தருமாறும், மாற்றி எழுதப்பட்ட சோதனைகளை முன்போல் ஆக்குமாறும், என்னை என் இருக்கைக்கு அனுப்புமாறும் வேண்டுகிறேன். என் நாத்தனார்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். முடிந்தால் அவரையும் என் குழுவில் போடுங்கள். இம்மனுவை அவர் முன்கூட்டியே படித்தார். நான்காம் பத்தியில் தயிரைப் பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

12. கடைசியாக ஒன்று. அனைவருக்கும் முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று, தங்கள் அலுவலகத்தின் மனுப் பெட்டியைத் தாங்கள் முன்னதாகவே புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டீர்கள். அப்பெட்டியைச் சோதிக்கும் அதிகாரம் பாதுகாப்புத் தணிக்கை அலுவலருக்கு உண்டு. அந்த அதிகாரத்தின்படி, அவர் முன்னிலையில், தங்கள் பெயரில் ஒரு சான்றிதழ் தயாரித்தேன். அதன் தேதி முடிந்துவிட்டது, கையொப்பம் என்னுடையது. பெட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “வணக்கம் இயக்குநர் அவர்களே” என்றது. இம்மனுவின் முதல் பதினொரு பத்திகளை அதில் இட்டேன். இதைத் தங்கள் உத்தரவாக எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பிவிடலாமா என்று கேட்டது. கீழே “ஆம்” என்று ஒரு பொத்தான் இருந்தது. என் நாத்தனார் தம்மையறியாமல், “அமுக்கிடுங்க அண்ணி, உங்க எடம் உங்களுக்குக் கெடச்சிடும்” என்று சொல்லிவிட்டு, தாம் வகிக்கும் பதவி நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஐயா, தயவுசெய்து தங்கள் திரையில் இம்மனுவின் மேற்பகுதியைப் பாருங்கள். அனுப்புநர் என்று நான் என்னைத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் பெட்டி அந்த இடத்தில் தங்கள் பெயரைக் காட்டும். பக்கத்தில் ஒரு பச்சைப் பூட்டும் இருக்கும். நான் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் வெளியீடு இந்நேரம் நின்றிருக்கும். நானும் சன்னலோரம் என் இருக்கையில் உட்கார்ந்திருப்பேன். எல்லாம் தங்கள் உத்தரவு என்றே நம்பப்பட்டிருக்கும். நான் அழுத்தவில்லை. இந்தக் கடைசிப் பகுதியையும் சேர்த்து, தங்களுக்கு மட்டும் என்று அனுப்பியிருக்கிறேன். அந்த உத்தரவைத் தாங்களே போட வேண்டும் ஐயா.

இடம்: தளவாடப் பிரிவு, அடித்தளம்
நாள்: வெளியீட்டுக்கு முந்தைய செவ்வாய்

பொய் ஆட்களை அனுப்பிப் பழகிய, தங்கள் மெய்யான பணியாளர்,
(ஒப்பம்)
மூத்த சோதனையாளர்

பன்னிரண்டாம் பத்தியில் கண்டவை என் முன்னிலையில் நடந்தவை என உறுதி கூறுகிறேன். தயிர் உண்மையாகவே கெட்டிருந்தது.
(ஒப்பம்)
பாதுகாப்புத் தணிக்கை அலுவலர்