தாம்லே அம்மாவை ஜெயித்த விதம்

நிக்டி, புனே
செவ்வாய்

அன்புள்ள அபயாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா? போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

ஞாயிறன்று எங்கள் காலனிக்குச் செஸ் மாஸ்டர் தாம்லே அம்மா வந்திருந்தார். ஆளுக்கு மூன்று நிமிட ஆட்டம். பதினோரு பேர் தோற்றபின் நான் உட்கார்ந்தேன். நானும் தோற்கும் நிலையில்தான் இருந்தேன். இருவருக்கும் சில விநாடிகளே பாக்கி. அவசரத்தில் என் கை பட்டு மூன்று காய்கள் சரிந்தன. தட்டியவன்தான் தன் நேரத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். தெரிந்தே கடிகாரத்தை அமுக்கி, அவர் நேரத்தை ஓடவிட்டேன். அவர் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அதற்குள் அவர் நேரம் முடிந்தது.

“டைம்!” என்று கத்தினேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “டீக் ஹை, ஆப் ஜீத் கயே” என்று, நான் ஜெயித்ததாகவே சொல்லிக் கைகொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். அவர் கார் ஏறும்வரை வாசலிலேயே நின்றும் உண்மையைச் சொல்லவில்லை.

“ஜெயிச்சுட்டேன்” என்று எழுதி அந்தப் போட்டோவை உனக்கு அனுப்பியதும் நான்தான். தயவுசெய்து அதை உன் ஸ்டேட்டஸிலிருந்து எடுத்துவிடு.

கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. ரூமில் இப்போது நான் மட்டும்தான். ஒருத்தனுக்காகச் சமைக்கப் பிடிக்கவில்லை.

“எங்கப்பா மாஸ்டரையே ஜெயிச்சுட்டார்”னு அம்ருதா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருப்பாள். நீ அவளிடம் எதுவும் சொல்லாதே. ஞாயிறு காலை போனை அவளிடம் கொடு, நானே சொல்கிறேன்.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

பத்ரி