லியூ பரப்பிய சீட்டுகள்

ஸ்ரீரங்கத்துக் கூட்டாளிக்கு,

தெப்பக்குளத்தருகே பல் கட்டும் சீனர் லியூவுக்கு மாலையில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். நீண்ட வாக்கியம் வந்தால் மனிதர் மிரளுவதில்லை. யார், என்ன செய்தார் என்று தேடி, ஒவ்வொன்றையும் தனிச் சீட்டில் எழுதி மேசையில் பரப்புவார். சீட்டில் ஏறாததை ஒதுக்கிவிடுவார்.

நேற்று பாடத்துக்கு நல்ல நீளமான வாக்கியம் அகப்படவில்லை. உனக்கு இங்கிலீஷில் எழுதி, மூன்று வருஷமாகத் தபாலில் போடாமல் வைத்திருந்த கடிதத்தைக் கொடுத்தேன். வக்கீல் குமாஸ்தாவான நான் எழுதியதல்லவா? பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். 'ஆயினும்', 'ஒருவேளை', 'உன் பக்கத்திலும்' எல்லாம் அதில் இருந்தன.

லியூ அரைமணி நேரம் பாடுபட்டார். மூன்றே சீட்டுதான் தேறியது.

"இவ்வளவுதாங்க இருக்கு. மிச்சத்துல யாரும் ஒண்ணும் செய்யலீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரிப்பாய். அவர் எழுதியது இதுதான்:

மகள் நிக்காஹுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பினேன்.

நேரில் வந்து அழைக்கவில்லை.

தவறு என்னுடையது.

நான்காவது சீட்டு என் கையால் எழுதியது:

வெள்ளிக்கிழமை பேரனுக்குப் பெயர் வைக்கிறோம். உன்னை அழைக்கப் புதன்கிழமை காலை பாலம் தாண்டி நானே வருகிறேன்.

தென்னூரிலிருந்து,
உன் பழைய கூட்டாளி