குகைக்குப் போனது குற்றமில்லை

திண்டுக்கல்,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கீர்த்தனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்குச் சர்க்கரையும் அடங்கித்தான் இருக்கிறது. டப்ளினில் குளிர் தொடங்கியிருக்கும், நீ இருமாமல் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நேற்று போனில், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றாய். அப்பா பக்கத்தில் இருந்தார், நீயும் குறுக்கே பேசுவாய், அதனால் அப்போது பதில் சொல்லவில்லை. எழுதினால் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உன் பெரியப்பா இறந்ததிலிருந்து அப்பா எப்படி இருந்தார் என்று உனக்கு முழுவதும் தெரியாது. பள்ளிக்கூடம் போவார், வருவார், சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூடச் சொல்ல மாட்டார். காலாண்டு விடுமுறைக்கு விசாகப்பட்டினம் டிக்கெட் எடுத்தது நான்தான். கொள்ளி வைத்தவரும் பங்காளிகளும் வருசம் முடியாமல் மலை ஏறக்கூடாது என்று அவர் தயங்கினார். கோவில் கிடையாது, கடலும் குகையும்தான் என்று சொல்லிக் கூட்டிப் போனேன். குகை என்றால் தரைக்குக் கீழே என்றே நானும் நினைத்திருந்தேன், ரயில் சுரங்கம் சுரங்கமாக நுழைந்து மேலே ஏறிய பிறகுதான் போரா குகை மலையில் இருப்பதே உறைத்தது. இத்தனை வருடம் பாடம் நடத்துகிறவள், வரைபடத்தைப் பார்க்கவில்லை. அப்பாதான் சமாதானம் சொன்னார், மலை ஏறினோம், குகைக்குள் இறங்கப்போறோம், ரெண்டையும் கழிச்சா சரியாப் போச்சு என்று. பல மாதத்துக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது.

உள்ளே நுழைந்ததும் வௌவால் நாற்றம், அப்புறம் குளிர்ச்சி. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் நான் எழுதிப் போடுகிற கால்சியம் கார்பனேட் அங்கே யானை உயரத்துக்கு நிற்கிறது, மேலிருந்து சுண்ணாம்பு கரைந்த தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பச்சையும் சிவப்புமாக விளக்குப் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மேட்டில் அப்படி வளர்ந்த கல் ஒன்றை லிங்கம் என்று கும்பிடுகிறார்கள். நான் கீழேயே நின்றுகொண்டேன். அப்பா படியேறிப் போனார், செத்த நேரம் கண்ணை மூடி நின்றார், திருநீறு பூசிக்கொண்டு இறங்கி வந்தார். அண்ணன் பழனியைத் தாண்டி ஒரு ஊரும் பார்க்கவில்லை, அவருக்காகத்தான் வேண்டிக்கொண்டேன் என்றார். அதையே எழுதி, நெற்றித் திருநீறோடு எடுத்த போட்டோவைக் குடும்பக் குழுவிலும் போட்டுவிட்டார். அவருக்கு அதில் கள்ளம் இல்லை, எனக்கும் தடுக்கத் தோன்றவில்லை.

நாங்கள் வெளியே வந்து மூங்கிலில் சுட்ட கோழி தின்று முடிப்பதற்குள் நாச்சிமுத்துப் பெரியப்பா கூப்பிட்டுவிட்டார். பங்காளிகளில் மூத்தவர், அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஏலே, அண்ணன் சாம்பல் காயல, பொண்டாட்டியோட மலை ஏறிச் சாமி கும்பிட்டுப் போட்டோ வேற போடுறியா என்று ஆரம்பித்தார். அப்பா கையிலிருந்த போனை வாங்கி நான் கேட்டேன், “மாமா, வாரா வாரம் மினி லாரியில சிறுமலைக்குப் போறீங்களே, வாழைத்தாரு ஏத்தப் போனா மட்டும் அது மலை இல்லையா?” பொழப்பு வேற, இது வேற என்று வைத்துவிட்டார். ஊர் திரும்பியதும் முடிவு வந்தது. குலசாமி கோவிலில் பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள், அப்பா அவர்கள் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் தை மாதம் தலைத்திவசத்தில் பிண்டம் வைக்க நாச்சிமுத்துப் பெரியப்பாவின் மகனை உட்கார வைப்பார்களாம். இறந்துபோன பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் அப்பா கொள்ளி வைத்தார். ஆஸ்பத்திரியில் வாந்தி அள்ளியபோது ஒரு பங்காளியும் உரிமைக்கு வரவில்லை.

நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அப்பா போன புதன்கிழமை சித்தையன்கோட்டைக்குப் போனார், விழுவதாக இருந்தால் அண்ணி காலில் விழுகிறேன் என்று. நானும் கூடப் போனேன், அவரைத் தனியே விட மனமில்லை. அங்காளம்மாள் பெரியம்மா அவரை விழ விடவில்லை. அந்தப் போட்டோவைக் காட்டச் சொல்லி வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே ரொம்பக் குளிருமா, தண்ணி உப்புக்கரிக்குமா என்று என்னிடம் கேட்டார். அப்புறம் அப்பாவைப் பார்த்து, “அவருக்குக் கொள்ளி வச்ச கைதான் பிண்டமும் வைக்கணும் தம்பி. வேற எவனும் என் வாசப்படி மிதிக்க வேணாம்” என்றார். அதை அவரே நாச்சிமுத்துப் பெரியப்பாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அப்படியென்றால் நாங்கள் யாரும் வரமாட்டோம், நாளைக்கு உன் கல்யாணத்துக்கும் வரமாட்டோம் என்று பதில் வந்திருக்கிறது. நேற்று நீ பயந்தது இதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் சாமி கும்பிடாதவள், அந்தக் கல் எப்படி வளர்ந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணனுக்காக அதன் முன்னால் நின்ற மனிதனை எவன் முன்னாலும் விழவிட மாட்டேன். அப்பாவும் இப்போது அதே உறுதியில்தான் இருக்கிறார். அதனால் எங்கள் சார்பில் நீ யாரிடமும் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். உன்னைப் பெண் கேட்டு வருகிற இடம் என் தைரியத்தைப் பார்த்துத் திரும்பிப் போகுமென்றால் போகட்டும், உன் கல்யாணப் பந்தியை நாங்கள் ரெண்டு பேரும் நின்று பரிமாறி நடத்துவோம்.

தையில் லீவு கிடைத்தால் வா. திவசத்தன்று பந்தியில் இலை நிறைய மிச்சமிருக்கும், பெரியம்மா பக்கத்தில் நீ உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

நல்ல உடம்போடும் நிமிர்ந்த தலையோடும் நீ இருக்க அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். பெரியம்மாவுக்கு இந்த வாரமே போன் செய், துக்கம் விசாரிக்காதே, சும்மா பேசு.

உன் அம்மா,
கௌசல்யா