எட்டாம் அத்தியாயத்துப் பிணம்

ஒக்ரோபர் 24, வெள்ளி

இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

சிரொக்கோ காற்று, மூன்றாம் நாள். சன்னல் விளிம்பெல்லாம் ஆபிரிக்க மண். பலெர்மோவின் சீசாப் பகுதியில் மூன்று கட்டடங்களின் படிகள் கழுவி முடிய மு.ப. 11. வாளியை ஊற்றிவிட்டுத் திரும்பினால் முதற்படியில் மறுபடி தூசி.

படக்கதைப் புத்தகம் வந்துவிட்டது. நல்ல தாள், நல்ல அச்சு. அட்டையில் மயானச் சுவர் ஏறி வரும் பிணங்கள். கீழே படம் கீறிய யூட்டின் பெயர். யூட்டின் பெயர் மட்டும். என்னுடையதைத் தேடிக் கடைசிப் பக்கம் வரை போனேன். நன்றிப் பட்டியலில், "வரலாறு சொல்லித்தந்த நண்பருக்கு". அவன் வேலை செய்யும் பிஸ்ஸேரியா முதலாளிக்குக்கூட அதில் முழுப்பெயர் உண்டு.

நான் செய்தது (எழுதி வைக்கவேண்டும், பிறகு மறுப்பார்கள்):

– யோசனையே என்னுடையது. எழும்பி நடக்கிற பிணங்கள், ஸோம்பிகள், மனித சரித்திரம் முழுக்க இருந்திருந்தால்? எட்டுக் காலம், எட்டு அத்தியாயம்.
– எகிப்து. மூளையை உருவி எடுத்த அரசன் எப்படி எழும்புவான்? ஒரு மாதம் யோசித்தேன். எழும்பியது மணலில் சும்மா புதைத்த கூலிக்காரர்.
– ரோம எல்லைக் கோட்டை. விறகு தீர்ந்த குளிர்காலம், எரிக்க வழியில்லை.
– பலெர்மோவின் கொள்ளைநோய். சுண்ணாம்புக் குழி. கப்புச்சின் துறவிகளின் நிலவறைக்கு யூட்டைக் கூட்டிப்போனது நான். சுவரோடு நிறுத்திய பிணங்கள், கோட்டுப் போட்டு, கழுத்தில் பெயர் அட்டையோடு. சின்ன வயதிலிருந்து இந்த ஊரில் இருக்கிறான், ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.
– அடிமைக் கப்பல். மன்னார்க் கோட்டை. இன்னும் இரண்டு.
– எட்டாவது, எங்கள் கடற்கரை. கடைசி யுத்தம்.

எந்த நூற்றாண்டானாலும் முதலில் அவர்கள் எப்படி அடக்கம் செய்தார்கள் என்று பார். அது பிழைத்த இடத்தில் கதை தொடங்கும். இது நான் வகுத்த முறை. புத்தகத்துக்காகக் கொடுத்த பேட்டியில் யூட் இதையும் தன்னுடையது என்று சொல்லியிருக்கிறான்.

முகநூலில் எங்கள் ஆட்களின் குழுவில் போடப்போகிறேன். என் பெயர், பட்டம், மன்னாரில் எத்தனை வருடம் சரித்திரம் படிப்பித்தேன், எல்லாம் போட்டு.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

காற்று ஓய்ந்தது. தேவாலயத்தில் பூசை முடிய மண்டபத்தில் புத்தக விற்பனை. ஒரு மேசையில் தின்னப் பற்றிஸ், மறு மேசையில் பிணங்கள்.

எட்டாம் அத்தியாயத்தைச் சுற்றித்தான் சிரிப்பு. மற்ற எல்லாக் காலத்துப் பிணங்களும் ஓடுகின்றன, கடிக்கின்றன. எங்கள் பிணம் எழும்பும், ஓரடி வைக்கும், விழும். செத்தவரின் இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டுவது எங்கள் வழக்கம். கட்டை அவிழ்க்க ஒருவர் வரவேண்டும். ஒருவரும் வருவதில்லை. கடைசிப் படத்திலும் மணலில் குப்புறக் கிடக்கிறான்.

பங்குச் சபைத் தலைவர்: "எங்கடையவன் வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்காமல் எழும்பிட்டான்போலை. அதுதான் அசைய விடுறாங்கள் இல்லை." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

யூட்டைத் தனியாகப் பிடித்துப் பெயர் விடயத்தைக் கேட்டேன். முகம் கறுத்துப்போனான்.

"மாஸ்டர், எட்டாம் பாகம் தரேக்கை நீங்கள்தானே சொன்னனீங்கள், என்ரை பேர் எங்கையும் வரக்கூடாது எண்டு."

சொன்னேன். உண்மைதான். எட்டாவதுக்கு மட்டும் சொன்னேன். அவன் முழுப் புத்தகத்துக்கும் எடுத்துக்கொண்டான். வசதியான காது.

அந்த நேரம் மெற்றில்டா. என் தம்பி அன்ரனின் மனைவி. கடைசி யுத்தத்தில் அன்ரன் காணாமல் போனான். அவள் இன்றைக்கும் தாலியோடு. மூலையில் கண்ணாடி போட்டுப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடி எழுந்து வந்தாள்.

"அத்தான், இந்தக் காலிலை கட்டியிருக்கிறது என்ன?"

வழக்கம்தானே என்றேன்.

"கட்டு விளங்குது. கயிறைக் கேக்கிறன்."

கபில நிறக் கயிறு. உத்தரியக் கயிறு, மாதா படத் துண்டைக் கழுத்தில் தொங்கவிடுவது. அறுந்த இடத்தில் சிவப்பு நூல் முடிச்சு. யூட் அழகுக்காகப் போட்டிருப்பான் என்றேன். யூட் பக்கத்திலேயே நின்றான், நான் அவனைக் குறை சொன்னதில் இன்னும் சுடச்சுட.

"இல்லை அக்கா, மாஸ்டர் எழுதினபடிதான். மூண்டுதரம் கீற வைச்சவர். முடிச்சு இடப்பக்கம் வரவேணுமாம்."

மெற்றில்டா கண்ணாடியைக் கழற்றினாள். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஒக்ரோபர் 27, திங்கள்

வெயில். படிகள். முழங்கால் வலி, இடது.

எழுதுகிறேன். ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

அன்ரனின் மகளுக்குத் தொடையில் காயம். மெற்றில்டாவும் அவளும் காயக்காரரோடு செஞ்சிலுவைக் கப்பலில் போனார்கள். ஏறுமுன், தானே சிவப்பு நூலால் முடிந்த தன் உத்தரியத்தைக் கழற்றி அன்ரனின் கழுத்தில் போட்டாள். பிறகு நானும் அவனும், பதினொரு நாள்.

காலை. தண்ணீர் வரிசை. செல். குண்டு வெடித்ததில் எனக்குக் காது அடைத்தது, அவ்வளவுதான். அவனுக்கு முதுகு. ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை மூடிவிட்டேன். மண்வெட்டி இல்லை. கையால் தோண்டினேன், முழங்கை ஆழம் வந்திருக்கும். அடுத்த செல். உத்தரியத்தைக் கழற்றி அதன் கயிற்றால் பெருவிரல்களைக் கட்டினேன். குழியில் இறக்கவில்லை, மண் போடவில்லை, செபம் சொல்லவில்லை. அந்தக் கட்டு மட்டும் போட்டேன். சாரத்தால் முகத்தை மூடிவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தது ஞாபகமில்லை என்று எழுத வந்தேன். பார்த்தேன். கால் தெரிந்தது.

முகாமில் வந்து கேட்டாள், அவர் எங்கே என்று. கூட்டத்தில் தவறவிட்டுவிட்டேன் என்றேன். மண் போடாமல் வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

சரித்திரம் படிப்பித்தவனுக்கு ஒரு வியாதி. கண்டதைக் கண்டபடி எழுதவேண்டும். எகிப்தியனின் இடுப்புத்துணிக்கு நாலு புத்தகம் பார்த்தவன், எங்கள் கடற்கரைக்குப் பார்க்க ஒரே ஒரு பிணம்தான் என்னிடம் இருந்தது.

ஒக்ரோபர் 29, புதன்

மெற்றில்டா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அல்பெர்கேரியாவில் கீழ்வீடு, வெயில் படாது. சுவர் இடுப்பளவுக்கு ஈரம். பலாரோச் சந்தைக்காரன் கத்துவது கட்டிலில் படுத்திருந்தாலும் கேட்கும். மகள் லண்டனில் கல்யாணம் கட்டி அறை ஒதுக்கி வைத்திருக்கிறாள், நாலு வருடமாகக் கூப்பிடுகிறாள். இவள் போகமாட்டாள். காணாமல் போனோரைத் தேடும் காரியாலயத்துக்குக் கொடுத்த விலாசம் இந்த வீடு. ரெலிபோன் இலக்கமும் மாற்றவில்லை.

மீன்குழம்பு, சோறு, பாகற்காய். சாப்பிடும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கை கழுவிவிட்டு வந்து எதிரே இருந்தாள்.

"ஆத்துமாக்கள் திருநாளுக்குச் செத்தவையின்ரை பேர் லிஸ்ற் வெள்ளிக்கிழமை பாதரிட்டைக் குடுக்கவேணும். நான் ஒரு வருசமும் அவரின்ரை பேரைக் குடுக்கேல்லை. நீங்கள்தான் கடைசியாக் கண்டது. உள்ளதைச் சொல்லுங்கோ அத்தான். நான் குழறி அழமாட்டன். பேரை எழுதிக் குடுத்திட்டு மகளிட்டைப் போயிடுவன்."

இதைவிடச் சுலபமாக ஒருவரும் கேட்கமுடியாது.

நான் சொன்னது: கூட்டத்தில் கை விடுபட்டபோது அவன் நடந்துகொண்டிருந்தான். உத்தரியம் கழுத்தில் கிடந்தது. அந்த முடிச்சு கண்ணுக்குள் நின்றது, கதைக்கு எடுத்துப் போட்டுவிட்டேன். பிழைதான், யோசித்திருக்கவேண்டும்.

"கழுத்திலைதான் கிடந்ததோ?"

"ஓம்."

அவள் முகம். அதை நான் விபரிக்கப்போவதில்லை. இன்னொரு துண்டு மீன் போட்டாள். எனக்கு முன்னாலேயே மகளுக்கு அழைப்பு எடுத்தாள். இந்த வருடமும் லண்டனுக்கு வரவில்லை, அப்பா நல்லாத்தான் நடந்து போனவராம், பெரியப்பா இப்பத்தான் சொன்னவர், என்றாள். மறுமுனையில் மகள் அழுதாளோ கோபித்தாளோ, எனக்குக் கேட்கவில்லை.

நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஒக்ரோபர் 31, வெள்ளி

மப்பு வானம். கபோ சந்தையில் சீனிப் பொம்மைகள் வைத்துவிட்டார்கள், குதிரைவீரனும் சோடி மணமக்களும். இங்கே செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்களாம்.

படிகள். ஒரு வீட்டுக்காரச் சிஞ்ஞோரா நான் துடைத்த ஈரத்தில் வழுக்கப் பார்த்தாள், பேச்சு வாங்கினேன்.

பி.ப. 4. யூட் வீட்டுக்கு வந்தான், கையில் பிஸ்ஸாப் பெட்டி, சமாதானமாம். பதிப்பகத்தோடு கதைத்திருக்கிறான். அடுத்த பதிப்பில் அட்டையில் இரண்டு பெயர். என்னுடையது மேலே.

வேண்டாம் என்றேன்.

"அப்ப என்னத்துக்கு மாஸ்டர் எல்லாருக்கும் முகத்தை நீட்டிக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

நல்ல பிள்ளைதான். எனக்குப் பிடிக்காது. இரண்டும் உண்மை. அவன் போனபிறகு முகநூலுக்கு எழுதி வைத்ததை அழித்தேன்.

பெயர்ப் பட்டியல் இன்று பி.ப. 6 மணியோடு முடிந்தது. பாதரின் அறை வாசல் வரை போனேன். உள்ளே ஆட்கள். திரும்பிவிட்டேன். ஆட்கள் இல்லாவிட்டாலும் திரும்பியிருப்பேன்.

நவம்பர் 2, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. தமிழ்ப் பூசை மு.ப. 10.30.

பாதர் பெயர்களை வாசிக்க, அந்தந்தக் குடும்பம் எழுந்து நிற்கவேண்டும். அகரவரிசை. எழுந்தவர்கள் கடைசிவரை நிற்பார்கள். மன்னார்ப் பெயர்கள், தீவுப் பெயர்கள், ஒரே செல்லில் போன ஐந்து பேர் ஒரே மூச்சில். அ வந்தது, அன்ரன் இல்லாமல் போனது. முடியும்போது கோவில் முழுக்க நின்றது. பெண்கள் பக்கம் மெற்றில்டா எழும்பாமல் இருந்தாள், நேராக, மடியில் செபமாலை. ஆண்கள் பக்கம் நான்.

வேறு ஒருவரும் எழும்பாமல் இருந்ததாகத் தெரியவில்லை.

வெளியே குடைக்குள் கூப்பிட்டாள். வருகிற ஞாயிறு சாப்பிட வாங்கோ, நண்டு வாங்குறன், என்றாள். பிறகு, முன்பு ஒருநாளும் சொல்லாத ஒன்று: "நீங்கள் ஒராள் இருக்கிறபடியாத்தான் நான் இஞ்சை தனிய இருக்கிறன் அத்தான்." குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அவளுடைய தோள் நனைந்தது.

இப்போது பி.ப. 5. மெற்றில்டாவுக்கு ஒரே தாள். ஊர், எந்தப் பனைவரிசை, என்ன நேரம், முதுகில், நோகவில்லை. கால் விரலில் என்ன கட்டியிருந்தது, யாருடைய முடிச்சு. மண் போடவில்லை என்றும் எழுதினேன். நோகவில்லை என்பது எனக்குத் தெரியாது. அதை வெட்டினேன், திரும்ப எழுதினேன்.

பெயர் போட்டால் அவள் என்னிடம் வந்து கேட்கவேண்டும், இத்தனை வருடமும் என் கையால் சோறு தின்றாயே என்று. போடாவிட்டால் அங்கே நின்ற யாரோ ஒருவர் எழுதினதாக நினைக்கலாம், விரும்பினால். என் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். தெரியாதமாதிரி இருக்க ஒரு வழி விடுகிறேன், அவளுக்கு. எனக்குத்தான்.

லண்டனுக்குப் போவாளோ தெரியாது. ஞாயிறு என்னைக் கூப்பிடுவாளோ தெரியாது. இந்த வருடப் பட்டியலுக்கு எப்படியும் பிந்திவிட்டது.

மடித்து உறையில் போட்டேன். விலாசம் எழுதியாயிற்று. அடியில் பெயர் இல்லை, போடப்போவதும் இல்லை. நாளைக் காலை, படி கழுவப் போகுமுன், தபாலில் போடுகிறேன்.