பிரியாத கோடு

என் அன்பே,

ஜன்னல் கண்ணாடியில் மழைநீர் கோடுகோடாக இறங்குகிறது. எனக்கு இப்போது எல்லாமே ரேகையாகத்தான் தெரிகிறது.

அமைச்சரைச் சுட்ட துப்பாக்கியில் இருந்தது கைதாகியிருக்கும் ஓட்டுநரின் விரல்ரேகைதான் என்று கையெழுத்திட்டிருக்கிறேன். முதலில் பார்த்தவரின் முடிவு தெரியாமல்தான் இரண்டாவது ஆளான நான் பார்க்க வேண்டும். மேலதிகாரி தேநீரோடு வந்து, "அவனேதாம்மா. நீ சும்மா ஒரு பார்வை பாரு" என்றார். பார்த்தேன், அவனே தெரிந்தான்.

நேற்று பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தேன். அவன் விரலில் இரண்டாகப் பிரியும் கோடு, துப்பாக்கியில் பிரியாமல் கனவுபோல் ஓடுகிறது.

"அழுக்கும்மா அது. கண்ணைக் கழுவிட்டு வா" என்றார் மேலதிகாரி.

கழுவினேன். பிரியவில்லை.

அவனைத் தூக்கிலிட என் கையெழுத்து போதும். நாளை நீதிமன்றத்தில் அது தவறு என்பேன். வேலை போனால் இந்த அரசுக் குடியிருப்பும் போகும்; வெள்ளிக்கிழமை நீ இங்கே வராதே. அக்கா வீட்டில் இருப்பேன்.

உன்னவள்