வியாழன் கிடைத்த மாலை

ஜனவரி 10, சனி. புதூர்நாடு.

இன்று மானம் தப்பியது. போன மாதம் பழைய தொலைநோக்கியில் ஒரு மணி நேரம் துழாவியும் ஒரு கிரகம்கூட எனக்கு அகப்படவில்லை. பார்க்க வந்த பெற்றோர் ஏமாந்து திரும்பிப் போனார்கள். அதன்பிறகுதான் தலைமையாசிரியையைக் கெஞ்சி, கணினி வைத்த தொலைநோக்கியைப் பள்ளிக்கு வாங்க வைத்தேன்.

அதற்கு நட்சத்திரங்களின் பெயர் தெரிய வேண்டாம். பளிச்சென்று தெரியும் மூன்றைக் காட்டினால் போதும், பிறகு கேட்டதை அதுவே தேடிக் காட்டும். காட்டினேன். பொருந்தவில்லை என்று திரையில் வந்தது. மறுபடியும் அதே. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். அவசர அவசரமாகப் பொத்தான்களை அழுத்தினேன்.

"மெதுவா பாருங்க டீச்சர். நாங்க இன்னா ஓடியா போறோம்?" என்றார் எட்டாம் வகுப்பு மல்லிகாவின் அம்மா வசந்தா.

முதலிலிருந்து ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, மாதம் கேட்ட இடத்தில் தேதியைப் போட்டிருக்கிறேன். அதன் கணக்கில் இது அக்டோபர். திருத்தி, மூன்றையும் மறுபடி காட்டி, வியாழன் என்று கேட்டேன். முனகிக்கொண்டே திரும்பி நின்றது. வியாழனேதான், பக்கத்தில் நான்கு நிலாக்கள்.

வசந்தா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "நாலுக்கும் பேரு கீதுங்களா டீச்சர்?"

"கீதுங்க. எனக்குத்தான் தெரியல, பார்த்துட்டு சொல்றேன்."

போன மாதம் என்றால் இதைச் சொல்லக் கூசியிருப்பேன். இன்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.