பம்ப்பை எங்கே வைப்பது

ஸ்ரீவில்லிபுத்தூர்,
9 மே 1938

என் அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே நலம். அட்டன் மலைக் குளிர் உங்கள் தோள் எலும்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். "சுகம்" என்று ஒரே சொல்லில் பதில் வருகிறது. மருந்துச் சீட்டைக்கூட நீங்கள் இதைவிட நீளமாக எழுதுவீர்கள்.

கோடை மழை வத்திராயிருப்புப் பக்கம் கொட்டிவிட்டு நம்மை ஏமாற்றிவிட்டது. நீங்கள் இலங்கைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டீர்கள் என்பதைக் கூமாப்பட்டிக்காரர்கள் இன்னும் நம்பவில்லை. பஸ் பிடித்து வந்து டிஸ்பென்சரிப் படியில் உட்கார்ந்துகொள்கிறார்கள். கம்பவுண்டர் குருசாமி எல்லாருக்கும் அந்தச் சிவப்பு மிக்சரையே ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறார். போன வாரம் ஒரு அம்மாள், "டாக்டரையா எப்ப வாராக? வாரதுக்குள்ள பழம் அம்புட்டும் அழுகிப் போயிருமே" என்று ஒரு கூடை மாம்பழத்தை வைத்துவிட்டுப் போனாள். அதை நானும் அம்மாவுமாகத் தின்று தீர்த்தோம்.

இனி உங்கள் கார். பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். நான் போடவில்லை. என் தம்பி சத்தியநேசன் கடைசியாக உட்கார்ந்த இடம் அது. அதை ஒருவன் சுத்தியலால் அடித்து நொறுக்குவதை அம்மாவால் தாங்க முடியாது. என்னாலும் முடியாது. தை மாதத்திலிருந்து கொட்டகையில் நசுங்கிக் கிடந்ததைக் காளை பூட்டி ராஜபாளையம் வேலுசாமியின் பட்டறைக்கு இழுத்துப்போகச் செய்தேன். அந்தக் கார் சரியானால் நீங்களும் வந்துவிடுவீர்கள் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் எனக்கு.

அதை மலைத் தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கி வந்த நாள் நினைவிருக்கிறதா? இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயக் காரை ஒரு டாக்டர் வாங்கலாமா, நோயாளியை எங்கே ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். வேகமாகப் போய்ச் சேர்ந்தால் நோயாளியை ஏற்ற வேண்டிய தேவையே வராது என்றீர்கள். தம்பி உங்களுக்கு ஒத்து ஊதினான்.

வண்டி ஏறக்குறைய நிமிர்ந்துவிட்டது. பம்ப் ஒன்றுதான் பாக்கி. எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், சிரிக்காதீர்கள். பின்னால் இருக்கும் டாங்கிலிருந்து பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்புவது கையளவுள்ள அந்தப் பம்ப். பாட்டரியில் ஓடுகிறது. அது எஞ்சினுக்கும் கால் நீட்டும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகரத்தில், இடப்பக்கம், தம்பியின் கால் பக்கமாக இருந்தது. தகரம் கிழிந்துவிட்டது. ஒட்டுப் போட்டு அங்கேயே வைக்கலாம். ஆனால் வேலுசாமிக்கு அந்த இடமே பிடிக்கவில்லை. "துரைமாரு ஊருக்கு அது சரிம்மா. நம்மூரு வெயிலுக்கு, எஞ்சின் சூட்டுல பெட்ரோலு ஆவியாப் போயி, வண்டி நடுரோட்டுல நின்னுக்கிடும்" என்கிறார். டாங்கின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே குளிர்ச்சி உண்டு. ஆனால் கல்லடி படும், ஓடைத் தண்ணீர் தெறிக்கும், பழுது என்றால் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். இன்னோர் இடம் ஸீட்டுகளுக்குப் பின்னால், சாமான் வைக்கும் பலகை. மூன்றில் எது என்று உங்களைக் கேட்டு எழுதச் சொன்னார்.

சனிக்கிழமை அம்மாவையும் பட்டறைக்குக் கூட்டிப் போயிருந்தேன். பம்ப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வேலுசாமி அதைப் பாட்டரியோடு சேர்த்துச் சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக் என்று அடித்தது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "ஏட்டி, தம்பி தட்டுதான்" என்று என் கையைப் பிடித்தாள். அவளைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தேன். ஆனால், அத்தான், அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். விபத்துக்குப் பிறகு நீங்கள் மத்தியானம் கண்ணயரும்போதெல்லாம் உங்கள் விரல் கட்டில் சட்டத்தில் தட்டியது அதே வேகத்தில்தான். தட்டிக்கொண்டே இருக்கும். சட்டென்று நிற்கும். நின்றதும் திடுக்கிட்டு விழிப்பீர்கள். என்ன என்று கேட்டால் கொசு என்பீர்கள்.

பம்ப்பை எங்கே வைப்பது என்று உடனே எழுதுங்கள். இந்த முறை ஒரு சொல் போதாது.

தங்கள் அன்பு மனைவி,
ஏசம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
13 ஜூன் 1938

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "சத்தம் கேட்காத இடத்தில் வை." நான்கு சொற்கள். முன்னேற்றம்தான்.

நீங்கள் சொன்னபடியே பின்னால், டாங்கின் பக்கத்தில் வைத்தாயிற்று. வேலுசாமிக்குப் பரம திருப்தி. வண்டி பொங்கலுக்குப் பூசிய வீடு மாதிரி இருக்கிறது. அதை யார் ஓட்டி வருவது என்று கேட்டார். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் தெலுங்கில் தனக்குத்தானே பேசிக்கொண்டார். பொறவு ஒத்துக்கொண்டார். இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து மிதித்து, எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இப்போது நான் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தனியாகவே ஓட்டுகிறேன். ஆராதனை முடிந்து போதகர் என்னைக் கூப்பிட்டு, டாக்டர் சம்மதித்தாரா என்று கேட்டார். டாக்டர் மறுக்கவில்லை என்றேன். மறுப்பதற்கும் ஒரு கடிதம் எழுத வேண்டுமே.

வண்டி நன்றாக ஓடுகிறது. சத்தம்தான் இல்லை. நீங்கள் கேட்டது அதுதானே? ஆனால் வீட்டில் அதனால் நிம்மதி வரவில்லை. சாயங்காலம் அம்மா வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், தம்பி உட்கார்ந்த இடப்பக்க ஸீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். சாவியைத் திருப்பச் சொல்கிறாள். திருப்புகிறேன். ஒன்றும் கேட்பதில்லை. "அவனை எங்கட்டி கொண்டு போயி வச்ச?" என்று கேட்கிறாள். பம்ப்பைக் கேட்கிறாளா, பிள்ளையைக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

எனக்கு நேர்வது அதைவிட மோசம். பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவள் இல்லை நான் என்பது உங்களுக்குத் தெரியும். கொட்டகைப் பக்கம் விறகு எடுக்கப் போனால் டிக், டிக் என்று கேட்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஒரு நாள் பாட்டரிக் கம்பியையும் கழற்றிப் போட்டுவிட்டு நின்று கேட்டேன். அப்போதும் கேட்டது. பிறகு நின்றது. நின்றதும் விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். பட்டப்பகலில், அத்தான்.

இதை வேலுசாமியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சுற்றி வளைத்து, அந்தப் பம்ப் சாதாரணமாக எவ்வளவு நேரம் அடிக்கும் என்று கேட்டேன். எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோல் நிறைந்ததும் தானாக நின்றுவிடுமாம். பாதி வழியில் குழாய் அறுந்துபோனால் மட்டும் நிற்காதாம். சாவியை அணைக்கும்வரை அடித்து, பெட்ரோலை வெளியே கொட்டிக்கொண்டே இருக்குமாம். அப்புறம் அவராகவே சொன்னார். விபத்துக்கு மறுநாள் கண்மாயிலிருந்து வண்டியைத் தூக்கியது அவர்தானே. "அன்னைக்குக் குழாயி அத்துத்தான் கெடந்துச்சும்மா. ஆனா சாவி அணைஞ்சிருந்துச்சு. பாட்டரியும் உசிரோட இருந்துச்சு, டாங்குல முக்காவாசி பெட்ரோலும் இருந்துச்சு. சாவிய மட்டும் அணைக்காம விட்டிருந்தா, எஞ்சின் சூட்டுல குப்புனு புடிச்சிருக்கும். டாக்டரையாவ நாம பாத்திருக்க முடியாது."

சாவியை யார் அணைத்தது? நீங்கள் அணைத்திருந்தால் "நான்தான்" என்று ஒரே சொல் எழுதிப் போடுங்கள். இந்தத் தடவை ஒரு சொல்லே போதும். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
ஏசம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
18 ஜூலை 1938

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் வரவில்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடக்கிறார். அவர் மேல் என்ன தப்பு?

பொறுத்துப் பார்த்துவிட்டு, போன வாரம் காரை எடுத்துக்கொண்டு, விபத்து நடந்த கான்சாபுரத்துக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினேன். நீங்கள் கன்றுக்குட்டிக்காக ஒடித்துத் திருப்பிய வளைவு அங்கே அப்படியேதான் இருக்கிறது. சரிவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இந்தச் சின்னச் சரிவிலா என்று இருந்தது. செத்த நேரம் அழுதேன்.

அன்றைக்கு முதலில் ஓடி வந்த வீரணனைத் தேடிப் பிடித்தேன். வயலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். சாவியைத் தொட்டீர்களா என்று கேட்டேன். "நாங்க எதையும் தொடலம்மா. நாங்க வரும்போது வண்டி சத்தமில்லாமத்தான் கெடந்துச்சு. டாக்டரு ரெண்டு கையும் வண்டிக்கு அடியில மாட்டிக்கிட்டு இருந்துச்சு. தூக்கித்தான் எடுத்தோம். அவிய அந்தத் தம்பி பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தாக" என்றார். அப்புறம் தலைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

இரண்டு கையும் அடியில் இருந்தால் நீங்கள் அணைத்திருக்க முடியாது. தம்பிதான் அணைத்திருக்கிறான்.

வண்டி கவிழ்ந்ததுமே உயிர் போய்விட்டது, அவனுக்கு வலியே தெரிந்திருக்காது என்று அம்மாவிடம் சொன்னீர்கள். போலீஸாரிடமும் அதையே சொன்னீர்கள். அம்மாவுக்காகச் சொன்ன பொய் என்று எனக்குப் புரிகிறது. அவளிடம் நானும் அதையே சொல்லிக்கொண்டு இருப்பேன். உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதினால் அது என் பொய்யாகிவிடும். வேகமாக ஓட்டினீர்கள் என்று கோபம் இருக்கிறது. ராத்திரி பகலாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பலேறினீர்களே, அந்தக் கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஆனால் இதையும் எழுதுகிறேன். உயிர் போகிற நேரத்தில் என் தம்பி கையை நீட்டி அந்தச் சாவியைத் திருப்பியிருக்கிறான். அதனால் நீங்கள் எரிந்துபோகவில்லை. எனக்குக் கடிதம் எழுத ஒரு விலாசம் மிஞ்சியிருக்கிறது. அவன் கொடுத்துவிட்டுப் போனதை நீங்கள் அட்டன் குளிரில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் விரல் ஏன் சட்டென்று நின்றது, நின்றதும் ஏன் விழித்தீர்கள் என்று இப்போதுதான் விளங்கியது. உங்களைப் பயமுறுத்தியது அந்தச் சத்தம் இல்லை. சத்தம் நின்றதும் அவன் குரலுக்காகக் காத்திருந்தீர்களே, அதுதான். சத்தமே கேட்காத இடத்தில் பம்ப்பை வைத்து நான் அந்த அமைதியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன்.

அதனால் திரும்பவும் ராஜபாளையம் போனேன். பம்ப்பைக் கழற்றி ஸீட்டுகளுக்குப் பின்னால், நடுவில் வைக்கச் சொன்னேன். "நல்லா இருக்கத எதுக்கும்மா பிரிக்கச் சொல்லுதிய?" என்று வேலுசாமி சலித்துக்கொண்டார். டாங்குக்குப் பக்கம்தான் பம்ப்புக்கு நல்லது என்று மூன்று முறை சொன்னார். வண்டிக்கு எது நல்லது என்று அவருக்குத் தெரியும், வீட்டுக்கு எது நல்லது என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பலகைக்கு அடியில் ரப்பர் வைத்து முடுக்கித் தந்தார். எஞ்சின் சூடு அங்கே எட்டவில்லை. வண்டி எங்கும் நிற்கவும் இல்லை. ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரே மாதிரி கேட்கிறது. அம்மா சாயங்காலம் உட்கார்ந்து கேட்கிறாள். இப்போது அவள் அழுவதில்லை, இரண்டு சங்கீதம் வாசித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறாள். கொட்டகையில் எனக்குக் கேட்டது இப்போது கேட்கவில்லையா என்றால், கேட்கிறது. ஓடி வருவதில்லை, அவ்வளவுதான்.

அத்தான், அவன் சாவியை அணைத்ததிலிருந்து வீரணன் ஓடி வரும்வரை அந்தக் கண்மாய்க்குள் நீங்கள் இரண்டு பேர்தான் இருந்தீர்கள். அவன் ஏதாவது சொன்னானா? அம்மாவைக் கேட்டானா? வலிக்கிறது என்றானா? உங்கள் மேல் கோபப்பட்டானா? எதுவாக இருந்தாலும் எனக்கு மட்டும் சொல்லுங்கள். கடிதத்தில் வேண்டாம், உங்களால் எழுத முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

புறப்பட்டு வாருங்கள். ரயில் வரும் நாளை மட்டும் எழுதுங்கள், ஸ்டேஷனுக்கு நான் காரோடு வருகிறேன். ஓட்டுவது நான்தான். மெதுவாகத்தான் ஓட்டுவேன். நீங்கள் இடப்பக்கம் உட்கார வேண்டியிருக்கும். பயமாக இருந்தால் என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஊர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். வீடு வரும்வரை நீங்கள் பேச வேண்டாம். அடுத்த நாளும் பேச வேண்டாம். எப்போது முடிகிறதோ அப்போது சொல்லுங்கள்.

கடலிலும் வழியிலும் கர்த்தர் உங்களுக்குத் துணையாக இருக்கட்டும். அவன் ஒன்றுமே சொல்லவில்லை என்றாலும் வாருங்கள்.

என்றும் தங்கள்,
ஏசம்மாள்